பிராங்கோனியா முகட்டில் பாதை கல்லான கதை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வைட் மவுண்டன்ஸ் எனப்படும் மலைத்தொடரின் மேற்குப் பகுதியில், பிராங்கோனியா கணவாய்க்குக் கிழக்கே ஒரு நீண்ட முகடு வடக்கு தெற்காக எழுந்து நிற்கிறது. அதன் மேல் லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாஃபயெட் என்ற மூன்று உச்சிகளையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதையின் நீளம் 14 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வழியில் ஏற வேண்டிய மொத்த உயரம் ஏறத்தாழ 1,190 மீட்டர். உலகின் பெருமலைகளோடு ஒப்பிட்டால் இவை அடக்கமான எண்கள்தான், ஏனெனில் மூன்றில் உயர்ந்ததான லாஃபயெட்டே 1,600 மீட்டரை ஒட்டித்தான் நிற்கிறது. ஆயினும் நடந்து முடித்தவர்களின் பேச்சில் உயரத்துக்கு முன்னால் வருவது காலடியில் கிடந்த கல். அந்தக் கல்லில் ஒரு பங்கு மலையே தந்தது. இன்னொரு பங்கு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தவர்களின் கால்கள் மண்ணைக் கலைத்து வெளிக்கொண்டு வந்தது. மூன்றாவது பங்கு, மண் போன இடத்தில் பராமரிப்புக் குழுக்கள் புரட்டி வந்து பதித்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ‘கரடுமுரடான பாதை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது, பாதையின் வரலாற்றில் பாதியை விட்டுவிடுவதாகும்.

மலை தந்த பங்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முகட்டின் உச்சிப்பகுதி ஜுராசிக் காலத்துத் தீப்பாறைகளால் ஆனது. அதாவது நிலத்தின் ஆழத்தில் உருகிய நிலையில் இருந்த பாறைக்குழம்பு அங்கேயே மெல்லக் குளிர்ந்து இறுகி, அதன் மேலிருந்த அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துச் செல்லப்பட்ட பின் வெளியே தெரிந்த கருங்கல் இனம். பின்னால் வந்த பனியுகத்தில் கண்டம் அளவுக்குப் பரந்த பனிப்படலம் இந்த உச்சிகளையே மூடிக்கொண்டு தெற்கு நோக்கி நகர்ந்தபோது, கணவாயின் அடியைச் சுரண்டி அகலப்படுத்தி, பக்கங்களைச் செங்குத்தாக்கியது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் அது உருகிப் பின்வாங்குகையில் கல்லும் மணலும் களியும் கலந்த படிவைச் சரிவுகளில் விட்டுச் சென்றது. அந்தப் படிவின் மீது உருவான மண் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள் உதிர்த்த இலைக்குப்பை குளிரில் முழுமையாக மக்காமல் பஞ்சுபோலச் சேர்ந்து மேலே கிடக்க, ஆழமாக இறங்க வழியில்லாத வேர்கள் பக்கவாட்டில் படர்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. வேர் அறுந்தால் மண் போகும். மண் போனால் பனிப்படலம் விட்டுச் சென்ற கற்கள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும்.

வேரை அறுத்தவை கால்கள். மண்ணைக் கொண்டுபோனது மழைநீர். ஆனால் பாதைகள் வேறுவிதமாக அமைக்கப்பட்டிருந்தால் இந்த அரிப்பு இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. ஒரு சரிவில் தண்ணீரைக் கொட்டினால் அது எந்த வழியில் ஓடுமோ அந்த வழியை இறக்கக் கோடு என்று சொல்லலாம். மலைச்சாலை அமைப்பவர்கள் இந்தக் கோட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய், ஓரிடத்தில் திரும்பி, மறுபடி குறுக்காக ஏறுவார்கள். கொண்டை ஊசி வளைவுகள் அப்படித்தான் பிறக்கின்றன. அவ்வகைப் பாதையின் மீது விழும் நீர் சில அடிகளிலேயே சரிவின் பக்கம் வழிந்து போய்விடும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைகளில் பிற்காலத்தில் போடப்பட்ட பல பாதைகள், சுமை விலங்குகள் நடக்க வேண்டியிருந்ததால், இந்த முறையில் அமைந்தன. வடகிழக்கில் கதை வேறு. அங்கு 1819இல் ஏபெல் கிராஃபோர்டும் அவர் மகன் ஈதனும் வாஷிங்டன் மலைத் திசையில் வெட்டத் தொடங்கிய பாதை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது என்னும் அளவுக்கு மலைநடைப் பழக்கம் பழையது. பிற்பாடு கிளைத்த நடைபாதைகளில் பலவற்றை வெட்டியவர்கள் உச்சியைக் குறிவைத்து, ஓடையை ஒட்டியோ முகட்டை ஒட்டியோ நேராக ஏறினார்கள். இறக்கக் கோட்டின் மேலேயே பாதை அமைந்துவிட்டால் மழை பெய்யும்போது அந்தப் பாதையே ஓடையாகிவிடுகிறது. நீருக்குப் பக்கவாட்டில் போக்கிடம் இல்லை, ஏனெனில் பாதை ஏற்கெனவே பள்ளமாகிவிட்டது. சேற்றைத் தவிர்க்க நடப்பவர் ஓரத்தில் கால் வைக்க, ஓரத்து வேர்களும் அறுபட, பள்ளம் அகலமாகிறது.

இந்தக் கரடுமுரடு எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதற்கு வழிகாட்டி நூல்களே ஒரு மறைமுகச் சான்று தருகின்றன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் ஒரு கணக்கைச் சொன்னார்: மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். 1876இல் தொடங்கப்பட்டு இந்த மலைகளின் பாதைகளையும் குடில்களையும் பராமரித்து வரும் அப்பலேச்சியன் மவுண்டன் கிளப்பின் வழிகாட்டியில் உள்ள கணக்கோ ஒரு மைலுக்கு அரை மணி, ஏறும் ஆயிரம் அடிக்கு அரை மணி என்று போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏற்றத்துக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றாகவே இருப்பதும், தூரத்துக்கு ஒதுக்கிய நேரம் மட்டும் அமெரிக்கக் கணக்கில் ஒன்றரை மடங்காகியிருப்பதும் தெரியும். பிராங்கோனியா சுற்றுக்கு நெய்ஸ்மித் கணக்கில் ஐந்து மணி நேரம் போதும். கிளப்பின் கணக்கில் ஆறரை மணியை நெருங்கும். இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்தைக் கல்லுக்கும் வேருக்கும் கட்டும் வரி என்று கொள்ளலாம். இரண்டு கணக்கிலும் ஓய்வுக்கோ சாப்பாட்டுக்கோ நேரம் சேர்க்கப்படவில்லை என்பதையும் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சுற்றுப்பாதை என்பது ஒரே பாதையன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக வெட்டப்பட்ட பாதைகளின் தொடர்ச்சி. கணவாயின் அடியில், லாஃபயெட் பிளேஸ் என்ற இடத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் தொடங்கும் தடம் சற்று தூரம் போனதும் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் போவது ஃபாலிங் வாட்டர்ஸ் தடம். நேராகப் போவது ஓல்டு பிரைடில் பாத், அதாவது 19ஆம் நூற்றாண்டில் கணவாயின் விடுதிகளில் தங்கியவர்கள் குதிரையில் ஏறி உச்சிக்குப் போன பழைய பாதை. பெரும்பாலானவர்கள் முதலாவதில் ஏறி, இரண்டாவதில் இறங்குகிறார்கள். அந்த வழக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. ஃபாலிங் வாட்டர்ஸ் தடம் 5 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் ஏறுகிறது; வழியில் மூன்று அருவிகள், பல ஓடைக் குறுக்கீடுகள், எப்போதும் ஈரம் காயாத பாறைகள். வழுக்கும் கல்லின் மேல் ஏறும்போது உடலின் எடை முன்னங்காலின் பக்கம் சாய்ந்திருக்கும், தவறினாலும் கைகள் எதிரிலிருக்கும் கல்லைப் பற்றிக்கொள்ளும். இறங்கும்போதோ குதிகால் முதலில் படும், பற்றிக்கொள்ள முன்னால் காற்றுதான் இருக்கும். எனவே ஈரமான பக்கத்தை ஏறுவதற்கும், ஒப்பீட்டளவில் உலர்ந்த பக்கத்தை இறங்குவதற்கும் வைத்துக்கொள்வது அறிவான ஏற்பாடு. எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு, கூட்டத்தைத் தவிர்க்க என்பார்கள். களைத்த கால்களோடு அருவிப் பாறைகளில் இறங்குவது அதற்குக் கொடுக்கும் விலை.

அருவிகளில் மூன்றாவதான கிளவுட்லேண்ட் ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதுவரை ஓடையின் சத்தம் கூடவே வரும். அதைத் தாண்டியபின் தடம் ஓடையை விட்டு விலகிச் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. இந்தப் பகுதியில் பார்ப்பதற்கு எதுவுமில்லை, படிப்பதற்கு நிறைய உண்டு. மரங்களின் உயரத்தைக் கவனித்தாலே ஏறிய உயரத்தைச் சொல்லிவிடலாம்: அடியில் பீச், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள், பிறகு பிர்ச், அதற்கு மேல் ஃபிர்ரும் ஸ்ப்ரூஸும். அவையும் தலைக்கு மேலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடுப்புக்கும் இறங்கிவந்து, கடைசியில் காற்றால் முறுக்கப்பட்டுத் தரையோடு பின்னிக் கிடக்கும் குள்ளப் புதராகின்றன. ஜெர்மன் மொழிச் சொல்லால் க்ரும்ஹோல்ட்ஸ் என்று தாவரவியலார் அழைக்கும் இந்தக் குள்ளமரக் காட்டில் ஒரு முழ உயர மரம் பல பத்தாண்டுகள் வயதுடையதாக இருக்கக்கூடும். குளிர்காலத்தில் பனிப்போர்வைக்கு வெளியே நீட்டிய கிளையைக் காற்றும் பனித்துகளும் அறுத்துவிடுவதால், மரம் பனியின் உயரத்துக்கு மேல் வளர முடிவதில்லை.

புதர் முடிந்து பாறை தொடங்கும் இடம்தான் லிட்டில் ஹேஸ்டாக், ஏறத்தாழ 1,450 மீட்டர். மரவரம்பு என்று சொல்லப்படும் எல்லை, அதாவது மரங்கள் மரங்களாக வளரக்கூடிய கடைசி உயரம், உலகின் பல மலைகளில் இதைவிட மிக மேலே இருக்கும். இங்கு அது இவ்வளவு தாழ்ந்திருப்பதற்குக் குளிரோடு காற்றும் ஈர மேகமும் காரணம். கிழக்கே தெரியும் வாஷிங்டன் மலையின் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. பிராங்கோனியா முகடு அதைவிடத் தாழ்ந்ததுதான், ஆனால் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நேர் எதிரே நீளமாக நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொது விதியின்படி பார்த்தாலும், வாகனம் நிறுத்திய இடத்தில் இதமாக இருந்த காலை, உச்சியில் ஏழு டிகிரி குளிர்ந்திருக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் கோடையிலும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இங்கிருந்து லாஃபயெட் உச்சிவரை 2.7 கிலோமீட்டர் திறந்த வெளி. ஒதுங்க மரமில்லை, கூரையில்லை, பக்கவாட்டில் இறங்கிப்போகக் கிளைத்தடமும் இல்லை. ஆகவே இந்தச் சுற்றில் உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம் லிட்டில் ஹேஸ்டாக்தான். மேற்கே கருமேகம் தெரிந்தால் ஏறி வந்த ஈரப்பாறைகளின் வழியாகவே திரும்புவது கசப்பான யோசனை. அதைவிடக் கசப்பானது இடியின்போது முகட்டில் நிற்கும் ஒரே உயரமான பொருளாக இருப்பது.

வானம் தெளிவாக இருந்தால் முன்னால் விரிவது அமெரிக்கக் கிழக்குக் கரையின் மிகப் பேர்பெற்ற நடைகளில் ஒன்று. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலேச்சியன் நெடுந்தடமும் இந்த முகட்டைத்தான் பயன்படுத்துகிறது; பாறைகளில் தெரியும் வெள்ளைப் பட்டைகள் அதன் அடையாளங்கள். மூடுபனியில் அவை தெரியாமல் போகும் என்பதால் கற்களைக் கோபுரம்போல் அடுக்கிய குவியல்களும் வழி காட்டுகின்றன. விளையாட்டாகப் புதிய குவியல் கட்டுவதும், இருப்பதிலிருந்து கல்லை எடுப்பதும் எங்கும் நடக்கும் சின்னத் தவறுகள்தாம். மூடுபனியில் ஒருவர் அந்தப் பொய்க் குவியலை நம்பிச் சரிவில் இறங்கக்கூடும் என்பதால் அவை சின்னவை அல்லாமல் போகின்றன.

முகட்டில் பாதையின் இருபுறமும் முழங்காலுக்குக் கீழான கல்வரிசைகள் ஓடுவதைக் காணலாம். முதன்முறை வருகிறவர்கள் அவற்றைப் பழைய வேலியின் எச்சம் என்று நினைப்பதுண்டு. கால்களை ஒரே தடத்துக்குள் வைத்திருப்பதற்காகக் கட்டப்பட்ட வரம்புகள் அவை. கை வாட்டர்மன், லாரா வாட்டர்மன் தம்பதியர் மலைநடையின் வரலாற்றை எழுதியவர்கள், ஆண்டுக்கணக்கில் இந்த முகட்டுப் பாதையைத் தன்னார்வமாகப் பராமரித்தவர்கள். இவ்வகைப் பணியால்தான் எண்ணற்ற கிளைத்தடங்கள் அடைபட்டன. வரம்புக்கு அப்பால் இருப்பது புல் என்று தோன்றும். குனிந்து பார்த்தால் அது டயபென்சியா என்ற செடியின் மெத்தை: சில மில்லிமீட்டர் நீளமுள்ள தடித்த கரும்பச்சை இலைகள் இடைவெளியின்றி நெருங்கி, குவிந்த ஒரு திண்டாகி, ஜூன் மாதத்தில் ஐந்து இதழ் கொண்ட வெள்ளைப் பூக்களைத் தாங்குகின்றன. காற்று அந்தக் குவிந்த பரப்பின் மேல் வழுக்கிப் போய்விட, உள்ளே வெயிலின் சூடும் ஈரமும் தங்குகின்றன. ஆர்க்டிக் பகுதிகளில் வளரும் இந்தச் செடி, பனியுகம் பின்வாங்கியபோது உச்சிகளில் தனித்து நின்றுவிட்ட கூட்டத்தைச் சேர்ந்தது. உள்ளங்கை அகலம் வளரப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் திண்டைக் காலணியின் அடிப்பகுதி சில மிதிகளில் கொன்றுவிடும். புயலையும் உறைபனியையும் தாங்கும் உடல், மேலிருந்து வரும் அழுத்தத்துக்குப் பழகியதன்று.

இதே மலைகளில் மட்டும் வாழும் ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற சிறு மஞ்சள்பூச் செடியின் கதை, நடைபாதையை நகர்த்துவது என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது. வாஷிங்டன் மலைக்கு அருகே அது வளர்ந்த திடலின் ஊடாகவே கிராஃபோர்ட் பாதை சென்றது. மிதிபட்டும், செடி சேகரிப்பவர்களால் பிடுங்கப்பட்டும் அழிவின் விளிம்புக்கு வந்த அது 1980இல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1983இல் பாதை விலக்கி அமைக்கப்பட்டது. நாற்றுகள் வளர்த்து வேறு இடங்களிலும், பிராங்கோனியா முகட்டிலும், நடப்பட்டன. 2002இல் செடி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்தப் பட்டியலை விட்டு மீண்டு வெளியேறிய தாவரங்கள் மிகக் குறைவு. ஆக, முகட்டில் கல்லின் மேல் மட்டும் நடக்கச் சொல்வது வெறும் ஒழுக்கப் பாடமாக நிற்கவில்லை, கணக்கில் காட்டக்கூடிய விளைவும் அதற்கு உண்டு. கீழே காட்டில் கால்கள் மண்ணைக் கலைத்து வெளிக்கொண்டுவந்த அதே கல், இங்கே செடிக்கும் காலுக்கும் நடுவில் நிற்கும் காவலாகிவிடுகிறது.

முகட்டின் இரு பக்கமும் இரண்டு வெவ்வேறு அமெரிக்காக்கள் தெரிகின்றன. கிழக்கே பெமிகெவாசெட் வனம், கண்ணுக்கெட்டிய வரை சாலையே இல்லாத பச்சை. ஆதிக்காடு என்று எண்ணத் தோன்றும் அந்தப் பகுதியில் 1893 முதல் ஜே. இ. ஹென்றி என்ற மர வணிகர் தொடங்கிய ரயில்பாதை ஓடியது. மரங்கள் மொட்டையடிக்கப்பட்டன, மிஞ்சிய கழிவுகளில் தீப்பிடித்தது. அந்தக் காட்சிகளால் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1911இல் வீக்ஸ் சட்டம் வந்தது. தனியாரிடமிருந்து காட்டை விலைக்கு வாங்க மத்திய அரசுக்கு வழிசெய்த அந்தச் சட்டத்தின் பயனாக 1918இல் வைட் மவுண்டன் தேசியக் காடு உருவானது. 1984இல் ஏறத்தாழ 45,000 ஏக்கர், சாலையும் இயந்திரமும் நுழையாத வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கு நடப்பவர்கள் பல இடங்களில் பழைய தண்டவாளத் தடத்தின் மேல்தான் நடக்கிறார்கள்.

மேற்கே, கீழே, கணவாயில் நெடுஞ்சாலை. 1923இல் கணவாயின் பெரிய விடுதியான புரொஃபைல் ஹவுஸ் எரிந்துபோனதும் உரிமையாளர்கள் நிலத்தை விற்கத் தயாரானார்கள். மரம் வெட்டுவோர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் காட்டுப் பாதுகாப்புச் சங்கமும் மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பும் ‘மரத்துக்கு ஒரு டாலர்’ என்று நிதி திரட்டின. மாநிலம் பாதித் தொகையைத் தர, 4 லட்சம் டாலருக்கு ஏறத்தாழ 6,000 ஏக்கர் வாங்கப்பட்டு 1928இல் பூங்காவானது. பிற்காலத்தில் நான்கு வழி நெடுஞ்சாலை கணவாயின் வழியே வரவிருந்தபோது, எதிர்ப்பக்கத்து மலையில் மனித முகம்போல் நீட்டிக்கொண்டிருந்த ‘ஓல்டு மேன்’ என்ற பாறை அமைப்பு வெடிவைப்பில் சரிந்துவிடும் என்ற எதிர்ப்பு எழுந்து, நீண்ட இழுபறிக்குப் பின் கணவாய்க்குள் மட்டும் இருவழிச் சாலையாக 1988இல் பணி முடிந்தது. 2003 மே 3 அன்று அந்த முகம் தானாகவே சரிந்து விழுந்தது. உறைந்து விரியும் நீர் பாறைப் பிளவுகளை ஆண்டுதோறும் அகலமாக்கிக்கொண்டே போவது நிற்பதில்லை. முகட்டின் நொறுங்கிய கற்களும் அதே வேலையின் விளைவுதான்.

லிங்கன் உச்சிக்கும் லாஃபயெட்டுக்கும் நடுவில் ஒரு தாழ்வு உண்டு. ஏறியதில் ஒரு பங்கை இழந்து, குள்ளமரத் திட்டு ஒன்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். லாஃபயெட்டின் உச்சியில் 19ஆம் நூற்றாண்டு உச்சி வீடொன்றின் கல் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. இப்போது அது காற்றுக்கு ஒதுங்கிச் சாப்பிடும் இடம். 1824இல் அமெரிக்காவுக்கு விருந்தினராக வந்து சுற்றுப்பயணம் செய்த பிரெஞ்சுத் தளபதியின் பெயர் இந்த உச்சிக்கு வைக்கப்பட்டது. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உச்சிகள் நாற்பத்தெட்டையும் ஏறி முடிப்பவர்களுக்கான பட்டியலில் லாஃபயெட்டும் லிங்கனும் இடம்பெறுகின்றன; லிட்டில் ஹேஸ்டாக் உயரம் போதுமானதாக இருந்தும் இடம்பெறவில்லை, ஏனெனில் பக்கத்துத் தாழ்விலிருந்து இருநூறு அடியாவது எழுந்திருந்தால்தான் தனி உச்சி என்பது விதி. பட்டியல்கள் மனிதர்களை மலைக்கு இழுக்கின்றன என்பது உண்மை. எண்ணிக்கைக்குள் வராத உச்சியில் நிற்காமல் கடந்துபோக வைப்பதும் அவைதான்.

இறக்கம் கிரீன்லீஃப் தடத்தில் தொடங்கி, 1930இல் கட்டப்பட்ட கிரீன்லீஃப் குடிலைத் தொட்டு, அங்கிருந்து ஓல்டு பிரைடில் பாதைக்கு மாறுகிறது. குடிலில் பணிபுரியும் இளைஞர்கள், உணவுப் பொருள்களில் ஒரு பகுதியை மரச்சட்டத்தில் தலைக்கு மேல் உயரும்படி கட்டி முதுகில் சுமந்தே கொண்டுவருகிறார்கள். கைப்பிடி இல்லாத பாறைகளில் அவர்கள் இறங்கும் லாவகத்தைப் பார்த்தபின், தன் சிறுபையைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது. குடிலுக்குக் கீழே ‘அகனீஸ்’, அதாவது வேதனைகள், என்று வழக்கில் அழைக்கப்படும் செங்குத்தான மேடுகள் வருகின்றன. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது; இறங்கும்போது அதே தசை உடல் எடையைத் தாங்கியபடி நீள வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை உழைப்புதான் தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை ஏற்படுத்தி, மறுநாளும் அதற்கு மறுநாளும் படிக்கட்டு இறங்க முடியாமல் செய்கிறது. மூச்சு வாங்காததால் இறக்கம் எளிது என்று மனம் நினைக்கும். முழங்காலுக்கு அந்த மயக்கம் இல்லை. நடைக்கோல்கள் ஏற்றத்தைவிட இங்குதான் அதிகம் உதவுகின்றன, கைகளால் பாறையைப் பற்ற வேண்டிய இடங்களில் அவற்றை மடக்கி வைத்துவிடுகிற பட்சத்தில்.

மூன்றாவது வகைக் கல்லைப் பார்க்க வேண்டிய இடமும் இந்தச் சரிவுகள்தான். பாதையில் பள்ளம் விழுந்த இடங்களில் அண்மை ஆண்டுகளாகக் காட்டுத்துறையும் கிளப்பின் பணிக்குழுக்களும் பிற குழுக்களும் கற்படிகள் அமைத்து வருகின்றன. ஒரு படிக்கான கல் நூறு கிலோவையும் இருநூறு கிலோவையும் தாண்டும்; அதைச் சரிவின் மேற்பக்கத்திலிருந்து கடப்பாறையால் நெம்பியோ, மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தில் கைவின்ச்சால் தொங்கவிட்டோ கொண்டுவருகிறார்கள். படிவரிசை கீழிருந்து மேலாகக் கட்டப்படும். ஒவ்வொரு மேற்படியின் முன்விளிம்பும் கீழ்ப்படியின் பின்விளிம்பின் மேல் அமர வேண்டும், அப்போதுதான் முழு வரிசையும் ஒன்றையொன்று தாங்கும். பின்னால் எஞ்சும் வெற்றிடத்தில் சம்மட்டியால் உடைத்த சிறுகற்களை இறுகத் திணிக்கிறார்கள். மண்ணைத் திணித்தால் முதல் பெருமழையிலேயே கரைந்து கல் ஆடத் தொடங்கும். ஒருவர் படிமேல் ஏறி நின்று மூலைக்கு மூலை எடையை மாற்றிப் பார்ப்பார். சிறிதளவு அசைந்தாலும் கல் மீண்டும் வெளியே வரும். இடையிடையே பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதிக்கப்பட்ட கல்வரிசைகள் மழைநீரை ஓரத்துக்குத் தள்ளும் வடிகால்கள். நன்றாகச் செய்த வேலையின் இலக்கணம், நடப்பவர் அதை மலையின் இயல்பு என்று நினைத்துவிடுவது. படிகள் உயரமாக இருப்பதைச் சபித்துக்கொண்டே இறங்குகிறவர்கள், படி இல்லாவிட்டால் அங்கே இடுப்பளவு சேற்றுக் கால்வாய் இருந்திருக்கும் என்பதை அறிவதில்லை.

பருவமும் பாதையை மாற்றுகிறது. குளிர்காலம் முழுவதும் பனிக்காலணிகளால் மிதித்து இறுக்கப்பட்ட பனி, ஏப்ரலிலும் மே மாதத்திலும் இருபுறப் பனியும் கரைந்தபின் பாதையின் நடுவில் மட்டும் ஒடுக்கமான பனித்தண்டவாளமாக நிற்கும். இங்குள்ளவர்கள் அதை மோனோரயில் என்கிறார்கள். அதன் மேல் நடப்பது கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. ஓர் அடி தவறினால் கால் தொடைவரை மென்பனியில் புதையும், ஓரமாக நடந்தால் ஈரமண் குழையும். அந்த வாரங்களில் போகாமலிருப்பதே பாதைக்குச் செய்யும் உதவி. அடுத்து வரும் கறுப்பு ஈக்களின் பருவம், மே நடுவிலிருந்து ஜூன் வரை, எவரும் சொல்லாமலேயே கூட்டத்தைக் குறைக்கிறது.

வழி தவறியோ உடல் தளர்ந்தோ சிக்கியவர்களைத் தேடி மீட்பது இந்த மாநிலத்தில் மீன், வனவிலங்குத் துறையின் பொறுப்பு. கவனக்குறைவாக நடந்துகொண்டதால்தான் மீட்பு தேவைப்பட்டது என்று முடிவானால் செலவை அவரிடமே வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர் என விற்கப்படும் ஓராண்டு அட்டை, சாதாரண கவனக்குறைவுக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்குத் தருகிறது. கட்டணத்துக்கு அஞ்சி உதவி கேட்கத் தாமதிப்பார்கள் என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் இருட்டில் பாறைச் சரிவில் ஒரு தூக்குப்படுக்கையை இறக்கப் பத்துப் பதினைந்து பேர் முறைவைத்துச் சுமக்க வேண்டியிருப்பதையும், அவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கைவிளக்கும் மழைச்சட்டையும் இல்லாமல் மேலேறியவரிடம் சட்டம் கேள்வி கேட்பது அநியாயமாகத் தோன்றவில்லை.

பாதையை முழுவதுமாக மாற்றி, கொண்டை ஊசி வளைவுகளோடு மென்மையாக அமைத்துவிடலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. காட்டுப் பகுதியின் சில துண்டுகளுக்கு அது பொருந்தும். முழுச் சரிவுக்கும் பொருந்தாது. செங்குத்தான சரிவில் குறுக்குப் பாதை வெட்டுவது மெல்லிய மண்ணை இன்னொரு நீளமான கோட்டில் அறுப்பதாகும். வளைவுக்கு வளைவு குறுக்கே இறங்கி வழியைச் சுருக்குகிறவர்கள் பழைய பள்ளங்களைப் புதிதாகவே உண்டாக்கிவிடுவார்கள். மரவரம்புக்கு மேலே மாற்றுவதற்கு இடமே இல்லை. நுழைவுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படாத இந்தச் சுற்றில், கூட்டத்துக்கு இப்போதுள்ள ஒரே கட்டுப்பாடு வாகன நிறுத்துமிடத்தின் அளவு. நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள் நிற்கத் தொடங்கியதால் 2019இல் சாலையோர நிறுத்தம் தடைசெய்யப்பட்டு, நெருக்கடியான வாரஇறுதிகளில் சற்றுத் தள்ளியுள்ள நிறுத்துமிடத்திலிருந்து சிற்றுந்து விடப்பட்டது. விடியற்காலையில் வருகிறவருக்கு இடமும் தாமதமாக வருகிறவருக்குக் காத்திருப்பும் கிடைக்கும் இந்த ஏற்பாடு, பாதை தாங்கக்கூடிய எண்ணிக்கை எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை; சிற்றுந்து வந்தபின் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது, ஏனெனில் நிறுத்துமிடம் நிரம்பினாலும் மலைக்கு வந்துசேரும் வழி திறந்தே இருக்கிறது.